பள்ளத்தில் குதித்த மெட்டு

என் மாமியாருக்கு இணையத்தில் 'விசில் அக்கா' என்று பெயர். ஜன்னல் திரை, சோபா உறை, தலையணை உறை தைப்பது அவர் தொழில். வீட்டின் முன்னறை முழுக்கத் துணிச் சுருள்கள் கிடக்கும். வருகிறவர்கள் எதையாவது நகர்த்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். எனக்கு வேலை மதியத்துக்கு மேல்தான். காலையில் சும்மா இருக்கிற மருமகனை அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"எப்பப் பாத்தாலும் அந்த போனையே நோண்டிட்டு இருக்கீங்களே மாப்ள, நான் தைக்கிறதையாவது அதுல படம் புடிச்சுப் போடுங்களேன்" என்றார் ஒருநாள். அப்படித்தான் எங்கள் சேனல் ஆரம்பமானது.

தைக்கும்போது அவரை அறியாமலே விசில் வந்துவிடும். எப்போதும் ஒரே மெட்டுதான். திரைக்கு மடிப்பு வைக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் பலர், மடிப்பை மறந்துவிட்டு விசிலுக்காகவே தங்கிவிட்டார்கள்.

அது அவருடைய அண்ணன் போட்ட மெட்டு. அண்ணன் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். சாயங்காலம் சைக்கிளில் தெருமுனை திரும்பியதும் அதை ஊதிக்கொண்டே வருவார். தங்கை ஓடிப்போய்க் கதவைத் திறக்க வேண்டும், அதற்கு அடையாளம். வீட்டுக்குச் சற்று முன்னால் தெருவில் ஒரு பள்ளம். சைக்கிள் அதில் இறங்கி ஏறும்போது மெட்டு சட்டென்று அறுந்து, மேலே ஒரு குதி குதித்துத் தொடரும். நாளடைவில் அந்தக் குதியும் மெட்டோடு சேர்ந்துவிட்டது. தங்கை அதையும் விடாமல் கற்றுக்கொண்டார். "பொட்டப் புள்ளைக்கு என்ன விசில்?" என்று அப்பா சத்தம் போட்டால், "நான்தான்பா அடிச்சேன்" என்று அண்ணன் முந்திக்கொள்வார். கல்யாண வயதிலேயே மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது.

போன வருஷம் ஒருநாள் சேனலைத் திறந்தால், எங்கள் வீடியோக்களில் பாதியைக் காணோம். 'இதில் உள்ள இசை வேறொருவருக்குச் சொந்தமானது' என்று ஒரு வரி மட்டும் நின்றது. நாம் ஏற்றும் ஒவ்வொரு வீடியோவின் ஒலியையும், உரிமை பதிவான இசையோடு கணினியே ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் தடை. எங்களுக்குத் தடை வந்தது ஓர் இசைக் கம்பெனியின் பெயரில். பழைய வானொலி விளம்பரங்களை மொத்தமாக வாங்கி வெளியிட்டவர்கள் அவர்கள்.

"எங்க அண்ணன் வாயால ஊதினதுக்கு எவன் சொந்தக்காரன்?" என்று மாமியார் கொதித்துப்போனார்.

நான் மறுப்பு எழுதினேன். நிராகரித்தார்கள். கடைசியில் விசிலை நீக்கிவிட்டு, தடையில்லாத ஏதோ ஓர் இசையைச் சேர்த்து மறுபடி ஏற்றினேன். 'அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?' என்று கேள்விமேல் கேள்வி வந்தது. அக்கா உம்மென்று தைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்துத்தான் அவருக்குத் தோன்றியது.

"அவங்களுதுன்னு சொல்றாங்களே, அதைப் போடுங்க மாப்ள. அப்படி என்னதான் இருக்குன்னு கேப்போம்."

தேடிப் பிடித்துப் போட்டேன். குடை விளம்பரம். மழைச் சத்தம், அதன்மேல் ஒரு புல்லாங்குழல். மாமியார் முதலில் துணியை வெட்டிக்கொண்டேதான் கேட்டார். பிறகு கத்தரிக்கோல் நின்றது.

"பள்ளம்" என்றார்.

"என்ன அத்தை?"

"இது எங்க தெருப் பள்ளம், மாப்ள. அண்ணன் குதிப்பானே, அந்த இடம். அந்தத் தெருவுல இருந்தவங்களைத் தவிர வேற யாருக்கு இது தெரியும்?"

இதை அப்படியே சொல்ல வைத்துப் படம் பிடித்தேன். அந்த வீடியோவில் அவர் விசிலே அடிக்கவில்லை. தெருவை, சைக்கிளை, அண்ணனைப் பற்றிப் பேசினார், அவ்வளவுதான். அது எங்கெங்கோ சுற்றியது. ஒரு காலை எனக்குப் போன் வந்தது. வயதான குரல். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, அப்போ உங்க எதிர்வீட்டு மாடியில குடியிருந்தேன். ஆர்மோனியக்காரன்னு சொல்வாங்க. அந்தக் குடை விளம்பரத்துக்கு இசை போட்டது நான்தான்."

"மாடியில துணி காயப்போட்டா எங்க வாசல்ல வந்து விழுமே, அவரா?"

"அதே ஆள்தான்மா. இன்னமும் விழுந்துட்டுதான் இருக்கு."

மாமியார் சிரித்துவிட்டார். உடனே குரல் மாறியது. "அதுக்காக, கேக்காம எடுத்துட்டீங்களே சார்."

"கேக்காம எடுப்பேனா? உங்க அண்ணன்கிட்டயே கேட்டேன். அவருக்குச் சிரிப்பு தாங்கல. 'அந்தப் பள்ளத்தை மட்டும் விட்டுராதீங்க சார்'னார். 'தங்கச்சிகிட்ட மூச்சு விடாதீங்க. ரேடியோவுல திடீர்னு வரட்டும், அவ மூஞ்சி போற போக்கை நான் பக்கத்துல நின்னு பாக்கணும்'னும் சொன்னார்."

விளம்பரம் வந்தபோது அண்ணன் இல்லை. துக்க வீட்டில் ரேடியோவைத் தூக்கிப் பரணில் போட்டிருந்தார்கள். பிறகு அந்தத் தெருவையே விட்டு வந்துவிட்டார்கள். ஊரெல்லாம் முணுமுணுத்த மெட்டு இவர் காதுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

மாமியார் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"உரிமைன்னு எனக்கே அதுல எதுவும் இல்லம்மா. அப்பவே எழுதிக் குடுத்தாச்சு. ஆனா யாரு மெட்டுன்னு நான் சொல்லலாம் இல்லையா? சொல்றேன்" என்றார் ஆர்மோனியக்காரர்.

சொன்னார். கம்பெனிக்கு விடாமல் எழுதினார். இழுத்தடித்துவிட்டு ஒருவழியாக அவர்கள் தடையை நீக்கினார்கள். விசில் திரும்பி வந்தது. ஆனால் அடுத்த மாதமே புது வீடியோ ஒன்று மறுபடி மாட்டிக்கொண்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு கணினியைத் திட்டினேன்.

"திட்டாதீங்க மாப்ள. அதுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. இத்தனை வருஷம் கழிச்சு எங்க அண்ணனை அடையாளம் கண்டுபுடிச்சிருச்சே" என்றார் மாமியார்.

இப்போதும் அவ்வப்போது தடை வரும், நான் எழுதுவேன், விலகும். ஆர்மோனியக்காரர் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறார். அண்ணன் மாடிக்கு வந்து என்னவெல்லாம் பேசுவார் என்று மாமியார் துருவித் துருவிக் கேட்பார்.

"பாட்டுப் பாடச் சொன்னா ஓடிருவார்மா. கழுதை தோத்துப்போகும், அப்படி ஒரு குரல்."

"ஐயோ, எனக்குத் தெரியாதா! தாலாட்டுப் பாடுறேன்னு பக்கத்து வீட்டுக் குழந்தையை அழவெச்சவன் சார் அவன்!"

முன்னறையில் சிரிப்புச் சத்தம் ஓய வெகுநேரமாகும். அன்றைக்கு மட்டும் தையல் மிஷினுக்கு விடுமுறை.