கதவைப் பார்த்து உட்காருகிறவள்

எந்த அறைக்குள் போனாலும் வாசல் தெரிகிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருகிறாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கும்போதும் சுவருக்கு முதுகு, கதவுக்கு முகம். கூட வேலை செய்கிறவர்கள் ‘வாட்ச்மேன் அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “காவலுக்குத் தனியாச் சம்பளம் கேளுக்கா” என்று சீண்டினால் சிரிப்பாள். சிரிக்கும்போதும் கண் கதவைவிட்டு நகராது.

புருஷன் சிறையில் இருக்கிறான். வழக்கு இன்னும் முடியவில்லை. அவன் அடித்த அடியில் இவளுக்கு இடது காது கேட்பதில்லை. எட்டு வயது மகள் கட்டிலுக்கடியில் ஒளிந்து அத்தனையும் பார்த்தவள். பள்ளியில் யாராவது உரக்கப் பேசினாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுகிறாளாம். ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னபோது இவளுக்கு ஒன்றுதான் தோன்றியது. விசாரிக்க வருவார்கள், வளர்க்கத் துப்பில்லாதவள் என்று பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பயத்தில், மகளுக்கு ஒன்றுமில்லை என்று சாதித்துவிட்டு வந்தாள்.

இப்படி அடிபட்ட குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் துணையாக அரசு ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறது, அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்களை ஒரு குழு கூப்பிட்டுக் கேட்கிறது என்று செவிலி ஒருத்தி சொன்னாள். தம்பி தடுத்தான். “வாயக் குடுத்து மாட்டிக்காதக்கா.” அது நியாயமாகத்தான் பட்டது. இருந்தும் போனாள். வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கிக்கூடப் பார்த்தாள். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

குழுவின் முன்னால் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். என்ன உதவி வேண்டும் என்று கேட்டார்கள். யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், மிச்சமிருந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

“உதவிக்கு வர்றவங்க எம் பிள்ளையக் கூட்டிட்டுப் போக வரலன்னு நான் எப்படிங்க நம்புறது?”

குழுத் தலைவி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

சட்டம் வந்தது. உதவி கேட்ட காரணத்துக்காகத் தாயையும் பிள்ளையையும் பிரிக்கக்கூடாது என்று அதில் இருந்தது. பிள்ளை அப்பன் முகத்தைப் பார்க்காமல் தனி அறையில் சாட்சி சொல்லலாம். ஆலோசகர் வீட்டுக்கே வருவார். செவிலி படித்துக் காட்டியதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் ஆலோசகர் வந்து கதவைத் தட்டியபோது, மகளின் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். அடுத்த முறை ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பிவிட்டாள். “சட்டம் காகிதத்துல இருக்கு. பயம் வயித்துல இருக்கே” என்றாள் சலவைக்கூடத்தில்.

போன வாரம்தான் கதவைத் திறந்தாள். வந்தவள் நரைத்த தலைக்காரி. தோளில் கனமான பை. அதைக் கழற்றக் கையைத் தூக்கியதுதான் தாமதம், இவள் இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒடுங்கிவிட்டாள். வந்தவள் தூக்கிய கையோடு அசையாமல் நின்றாள்.

மகள்தான் வந்து முழங்கையைத் தொட்டாள். “பையத்தாம்மா கழட்டுறாங்க.”

கைகளை மெல்ல இறக்கினாள். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை எடுத்துவந்து ஆலோசகருக்கு வைத்தாள். வைத்த பிறகும் விடவில்லை. அதன் முதுகை இறுகப் பற்றிக்கொண்டு நின்றாள்.