கிணற்றோரம் நட்ட சிவப்புக் கொடி

எங்கள் பக்கத்துத் தோல் பதனிடும் ஷெட்டுகளில் ஒரு வழக்கம் இருந்தது. தரகர் வருவார், தொட்டியில் ஊறுகிற தோலைத் தூக்கிப் பார்ப்பார். பிடித்துவிட்டால் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டித் தொட்டியோரம் நட்டுவிட்டுப் போவார். அப்புறம் அந்தச் சரக்கு அவருடையது. வேறு யாரும் விலை கேட்கக் கூடாது.

பேரணாம்பட்டுக்குப் போகிற பாதையோரம் எனக்கும் ஒரு ஷெட் இருந்தது. ஷெட் என்று சொன்னால் ஷெட்டே சிரிக்கும்: ஓலைக் கூரை, சில தொட்டிகள், ஒரு கிணறு. ஆனால் இடம் என்னுடையது. என் அப்பா கடைசிவரை அடுத்தவன் தொட்டியில் இறங்கித் தோல் மிதித்தவர். எங்கள் வம்சத்திலேயே பட்டா என்ற காகிதத்தை முதலில் தொட்டவன் நான். அதைத் தகரப் பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

"பொட்டியவே தூக்கினு போய்ட்டா சாவி இன்னாத்துக்குய்யா ஒதவும்?" என்பாள் என் மனைவி.

ஒருநாள் வேலூர் லாங் பஜாருக்குப் போய்த் திரும்பினால், ஷெட்டில் வரிசையாகச் சிவப்புக் கொடிகள்! ஒரு தொட்டி பாக்கியில்லை. வீட்டுக்கு ஓடி மனைவியை இழுத்து வந்தேன்.

"பட்டணத்துத் தரகன் எவனோ மொத்தமா எடுத்துக்கினான்டீ!"

அவள் ஒவ்வொரு கொடியாகப் பார்த்துக்கொண்டே போனாள். "கெணத்துக்கு எதுக்குய்யா கொடி? அதுல இன்னா தோலா ஊறுது?"

"தண்ணி ருசி பிடிச்சிருக்கும்."

அந்த நேரத்தில் எனக்குப் புத்தி அவ்வளவுதான் ஓடியது. ஜிலேபி வாங்கி வந்து, மரத்தடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த வெளியூர் ஆட்களுக்கெல்லாம் கொடுத்தேன். தொப்பி வைத்திருந்தவர்தான் தரகர் என்று முடிவுகட்டி, அவர் வாயில் நானே ஊட்டினேன். அவர் மென்று விழுங்கிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உன்ன மாதிரி ஆளப் பாத்ததே இல்லப்பா. மத்த ஊர்ல மண்ண வாரித் தூத்துறாங்க."

"எதுக்கு சாமி தூத்தணும்? எப்ப எடுத்துக்கறீங்க?"

"உத்தரவு வந்ததும் எடுத்துடுவோம்."

"தோல் பதமாவ இன்னும் நாள் ஆவுமே!"

"தோலா? தோல் யாருக்குப்பா வேணும்? நான் சர்வேயர். புது ரோடு வருது. உன் கெணத்து மேலதான் போவுது."

ஜிலேபிப் பாகு என் முழங்கை வரை வழிந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தாசில்தார் ஆபீஸ் கச்சேரிக்குப் போனேன். பட்டாவை எடுத்து நீட்டினேன். தாசில்தார் கையில்கூட வாங்கவில்லை.

"இத யாரு குடுத்தது?"

"சர்க்கார்தாங்க."

"இப்ப எடத்த கேக்கறது யாரு?"

"சர்க்கார்தாங்க."

"அப்புறம் இன்னா? சும்மாவா எடுக்கறாங்க? கிரயம் குடுப்பாங்க."

விற்கிறேன் என்று நான் வாயைத் திறக்காமலே என் இடம் இன்னொருவர் கைக்குப் போகும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. திருடன் என்றால் கத்தலாம். இவரோ நாற்காலியில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, சாவதானமாகச் சொல்கிறார்.

"எனக்கு இஷ்டமில்லைங்க," என்றேன்.

பக்கத்தில் நின்ற சர்வேயர் குறுக்கே வந்தார். "அய்யா, இவரு எங்க ஆளுங்களுக்கெல்லாம் ஜிலேபி குடுத்தாரு. எனக்கு ஊட்டியே வுட்டாரு!"

கச்சேரியே சிரித்தது. பழக்கதோஷம், நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். தொட்டியில் கிடக்கும் தோலைப் பாதியில் எடுத்தால் அழுகிவிடும், பதமாகும் வரையாவது விடுங்கள் என்று கெஞ்சினேன். அதற்கு மட்டும் தாசில்தார் தலையாட்டினார்.

கடைசித் தோலை நாங்கள் தூக்கிய அன்றே ஆட்கள் வந்துவிட்டார்கள். முதலில் கிணற்றைத்தான் தூர்த்தார்கள். முதல் கல் தண்ணீரில் விழுந்த சத்தத்துக்கு, எதற்கும் அசையாத என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தூர்த்து முடித்ததும் என் இடுப்பைப் பார்த்தாள்.

"பொட்டி கீது, சாவியும் கீது. எடத்த எங்கய்யா காணோம்?"

கொடுத்த கிரயத்தில் ரோட்டோரம் இன்னொரு கிணறு வெட்ட இடம் கிடைக்கவில்லை. இப்போது அடுத்தவர் ஷெட்டில் வாடகைத் தொட்டியில்தான் என் தோல் ஊறுகிறது. அங்கேயும் தரகர்கள் வருகிறார்கள், சிவப்புத் துணி கட்டுகிறார்கள். மற்றத் தொட்டிக்காரர்கள் அவர்களிடம் என்ன விலை தருவீர்கள் என்று கேட்பார்கள். நான் மட்டும் கரையேறி நின்று வேறொன்று கேட்பேன்:

"சாமி, தோலுக்கா, எடத்துக்கா?"