கன்செஷன் கார்டும் முன்சீட்டும்

வகுப்புக்கே போகாமல் பிரீ டிகிரியில் தோற்றவன் நான். அப்புறம் பல வருஷம் தென்னந்தோப்பே கதியென்று கிடந்துவிட்டு, இன்றுதான் மறுபடி கல்லூரிக்குக் கிளம்பினேன்.

எங்கள் ஊர் பெருமாட்டியில் பஸ் ஏறி, முழு டிக்கெட்டில் போகும்போது வழக்கமாக உட்காரும் முன்சீட்டில் உட்கார்ந்து, மாணவர் கன்செஷன் கார்டை நீட்டினேன்.

கண்டக்டர் நெளிந்தார். "தப்பா நெனைக்காதீங்கண்ணா, கன்செஷன்ல வாரவங்க நின்னுட்டுத்தானுங்க வரோணும்."

எழுந்து நின்றேன். கூட நின்ற மாணவர்கள் கொதித்துவிட்டார்கள். "அண்ணனுக்கு சீட் கெடைக்காம இன்னைக்குக் கிளாசே கெடையாது!"

கல்லூரி வாசலில் சமரம் என்று ஸ்ட்ரைக், கோஷம், ஊர்வலம். மத்தியானம் பஸ் முதலாளி பணிந்தார். எனக்கு சீட் உண்டாம். ஆனால் அதற்குள் கல்லூரிக்கு லீவு விட்டுவிட்டார்கள்.

உட்கார்ந்தே வீடு திரும்பினேன். வாசலில் மனைவி: "ஏனுங்க, இந்தத் தடவையாச்சும் கிளாசுக்குப் போனீங்களா?"

நடந்ததை அப்படியே சொன்னேன். நீங்கள் நம்புவீர்கள். அவள் நம்ப வேண்டுமே!