தந்தி சாருக்குக் காது கேட்காது

சுந்தரம்மாள் மேலூரிலிருந்து மதுரைக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில், கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சந்தில் யாரும் யாரோடும் பேசிக்கொள்வதில்லை. குழாயடியில் குடத்தை வைப்பார்கள், நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போவார்கள். மேலூரில் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரிப் பேசி வளர்ந்தவளுக்கு ஒரு வாரத்தில் வாய் புளித்துப்போனது. அதற்குமேல் பொறுக்க முடியாமல், முன்னால் நின்ற ஒரு முகம் தெரியாத பெண்ணிடம், "உங்க வீட்ல இன்னிக்கி என்ன கொழம்பு?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் திடுக்கிட்டு உண்மையைச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அந்தச் சந்தில் குழம்பை மறைத்துக் குடித்தனம் நடத்த யாராலும் முடியவில்லை.

விசாரிப்பதில் அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. வெளியே கிளம்புகிறவரை "எங்க போறீக" என்று கேட்க மாட்டாள். போகிற காரியம் கெட்டுவிடும். "தூரமா?" என்பாள். எங்கே, எதற்கு, எப்போது திரும்புவது எல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவரைப் பார்த்தால், "மூஞ்சி தெளிஞ்சிருச்சே" என்பாள். தெளியாவிட்டாலும் அப்படித்தான் சொல்வாள். பக்கத்து வீட்டுப் பிலோமினாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், எறும்பைக்கூட அதட்டாதவள். அவளிடம் தினமும் ஒரே கேள்விதான்.

"டீச்சரம்மா, இன்னிக்கி எத்தன பிள்ளைகளுக்கு அடி?"

"உன்னையும் சேத்தா, சுந்தரம்?" என்று டீச்சரும் குடையை விரித்துக்கொண்டே போவாள்.

சுந்தரம்மாளின் புருஷன் முத்துக்கருப்பனுக்கு மில்லில் வேலை. அவன் அதிகம் பேச மாட்டான். வீட்டில் அதற்கு இடமும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், குழாய்க்கு எதிர்த்த வீட்டுக்குப் பசுபதி என்றொருவர் குடிவந்தார். தந்தி ஆபீஸ் குமாஸ்தா, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மனைவி பிரசவத்துக்காக மன்னார்குடியில் தாய்வீட்டில் இருந்ததால் தானே பொங்கித் தின்றார். நாள் முழுக்கத் தந்தி இயந்திரத்தின் கட்டுக் கடா சத்தத்தைக் காதால் வாங்கி எழுத்தாக எழுதுகிற வேலை அவருக்கு. வீடு திரும்பினால் உலகத்தில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது என்று நினைப்பார்.

அவர் முதல் நாள் குடத்தோடு வந்தபோது சுந்தரம்மாள், "சார், சாப்ட்டாச்சா?" என்றாள். பதில் இல்லை. மறுநாள், "ராத்திரி நல்லாத் தூங்கினீகளா, சார்?" பதில் இல்லை. ஒரு வாரம் விதவிதமாகக் கேட்டுப் பார்த்தாள். மனிதர் தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாள் முழுக்கப் பேசிய வாய்க்கு ஒரு ஆள் மட்டும் பதில் சொல்லவில்லை என்பது அவளுக்குக் காலில் முள் தைத்த மாதிரி இருந்தது.

ஒரு காலையில், அவர் காதில் விழும்படியாகவே டீச்சரிடம் சொன்னாள்: "பாவம் டீச்சரம்மா, சாருக்குக் காது கேக்காது போல."

அது பொய் என்று அவளுக்கே தெரியும். பால்காரன் சந்துமுனையில் மணியடித்தால் முதலில் திறப்பது பசுபதியின் கதவுதான். ஆனாலும் சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் சந்து முழுக்க இரக்கப்பட ஆரம்பித்துவிட்டது. பால்காரன் அவர் காதருகே வந்து, "பாலு!" என்று கத்தினான். எதிரே வந்தவர்கள் வயிற்றைத் தொட்டு, கையைக் குவித்து வாயில் வைத்து, "சாப்ட்டாச்சா" என்று ஜாடை காட்டினார்கள்.

பசுபதிக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தார். செவிடன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்படியே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

ஆனால் செவிடன் முன்னால் ஜனங்கள் எம்புட்டுப் பேசுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் நிற்கும்போதே அவரைப் பற்றிப் பேசினார்கள். "மீசையப் பாருங்க, வலப்பக்கம் கூட, இடப்பக்கம் கொறச்சல்," என்றாள் சுந்தரம்மாள். மறுநாள் மீசை இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. சுந்தரம்மாள் குடத்தைக் கழுவுகிற சாக்கில் குனிந்து சிரித்தாள். ஆள் அகப்பட்டுவிட்டார்.

யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு விளையாடினாள். "எதுத்த வீட்ல பருப்பு அடிப்பிடிக்கிற வாட தாங்கல டீச்சரம்மா. தண்ணி கொதிச்ச பெறகுல்ல பருப்பப் போடணும், அப்பறம் தீயக் கொறைக்கணும்," என்று காற்றைப் பார்த்துச் சொல்வாள். மறுநாள் அடிப்பிடித்த வாடை வராது. "முருங்கக்கா கொழம்புக்குப் புளியக் கொஞ்சமாக் கரைக்கணும்," என்பாள். அன்று ராத்திரி எதிர்வீட்டிலிருந்து நல்ல வாசனை வரும். அவள் பேசுவாள், அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் குழம்பு பதில் சொல்லிவிடும். தன்னைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. இருந்தும் இரண்டு பேரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நின்றார்கள்.

இத்தனை நாள் விசாரிப்புக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்லிவிட வேண்டும் என்று பசுபதிக்குத் தோன்றியது. அதையும் வாயைத் திறக்காமல் சொல்ல வேண்டும். தன் தொழிலிலேயே அதற்கு வழி இருப்பதைக் கண்டதும் அவருக்கு ஆபீஸில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் தந்திச் சேவகன் சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்துக்குள் வந்து, "சுந்தரம்மாள் யாரு?" என்று கேட்டான்.

அந்தக் காலத்தில் தந்தி வந்தால் ஒரே ஒரு சேதிக்குத்தான் வரும். சுந்தரம்மாளின் தம்பி கருத்தக்கண்ணன் ரங்கூனில் அரிசி ஆலையில் இருந்தான். அவள் கையெழுத்துக்கூடப் போடாமல் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என்னப் பெத்தவளே, தம்பிக்கு என்ன ஆச்சோ," என்று அவள் தொடங்கியதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். விஷயம் தெரியாமலே ஒப்பாரி பாதித் தூரம் போய்விட்டது. அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. டீச்சர் வீட்டில்தான் இருந்தாள். அவளை இழுத்துவந்து கவரைக் கையில் கொடுத்தார்கள்.

பிலோமினாள் ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டே பிரித்தாள். இங்கிலீஷ் எழுத்து. ஆனால் இங்கிலீஷாக இல்லை. மறுபடி எழுத்துக்கூட்டினாள்.

"சாப்... பிட்... டேன்," என்று படித்தாள். "முருங்கக்காய்க் கொழம்பு. தூக்கம் சுகம். பசுபதி."

ஒப்பாரி நின்றது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சுந்தரம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாள்தோறும் தந்தியிலேயே புழங்குகிறவருக்கு, தந்தி ஒரு வீட்டு வாசலில் இறங்கினால் என்ன ஆகும் என்பது மறந்துபோயிருந்தது. சாயங்காலம் சிரித்த முகத்தோடு சந்துக்குள் வந்த பசுபதிக்கு, நடந்ததை முத்துக்கருப்பன் சொன்னான். அவன் பேசி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. "தந்திய ஆபீஸோட வச்சுக்கங்க சார்," என்று முடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் பசுபதி முதல் ஆளாகக் குழாயடிக்கு வந்து, "சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்டார். சுந்தரம்மாள் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டு, கையை விரித்து, உதட்டைப் பிதுக்கினாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போது அவளுக்குக் காது கேட்கவில்லை. அடுத்து நின்றவளிடம் கேட்டார், அவளுக்கும் கேட்கவில்லை. சந்து மொத்தமும் செவிடாகிவிட்டது. அவர் ஆசைப்பட்ட அமைதி இப்போது ஏராளமாகக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. மறுபடி பருப்பு அடிப்பிடித்தது.

அந்த மாதக் கடைசியில் அவர் மனைவி விஜயம் கைக்குழந்தையோடு சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்துவிட்டாள். ஜட்கா வண்டி சந்துக்குள் நுழைந்தபோது பசுபதி ஆபீஸில் இருந்தார். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றவளைச் சுந்தரம்மாள் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், குழந்தைக்குத் தூளி கட்டி, சுடுசோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு எழுதியிருக்க மாட்டாரு, தாயி. மனசத் தேத்திக்க. அவருக்கு இப்பச் சுத்தமாக் காது கேக்கல. கத்திச் சொல்லணும். கையால காட்டணும். பழகிரும்."

விஜயம் கலங்கிப்போனாள். "எப்படிக்கா ஆபீஸ்ல வேலை பாக்குறார்?" என்று கேட்டாள்.

"அதான் எங்களுக்கும் புரியல," என்றாள் சுந்தரம்மாள்.

சாயங்காலம் பசுபதி சந்துக்குள் நுழைந்தபோது வாசலுக்கு வாசல் ஆள் நின்றது. அவர் வீட்டுப் படியில் விஜயம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவரைக் கண்டதும், வைகைக்கு அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி, "நான்... வந்துட்டேன்... இது... நம்ம பொண்ணு!" என்று கத்தினாள். கத்திவிட்டு, ஒரு கையால் குழந்தையையும் அவரையும் மாறி மாறிச் சுட்டினாள்.

பசுபதி தன் பெண்ணை முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான். ஒரு நிமிஷம் விழித்தார். டீச்சர் வாசலில் அடக்கிய சிரிப்பில் குடை குலுங்கியது. எதிரே சுந்தரம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். அவருக்கு விளங்கிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரிப்பை அந்தச் சந்து அன்றுதான் கேட்டது.

விஜயத்துக்கு முழுக் கதையும் தெரிந்ததும் அவள் சிரிக்கவில்லை. "தந்தியா அனுப்பினீங்க? அதுவும் தம்பியைக் கப்பலேத்திவிட்டவங்களுக்கு?" என்றாள். புருஷனைக் கையோடு சுந்தரம்மாள் வீட்டுக்கு இழுத்துவந்து நிறுத்தினாள்.

"அக்கா, விளையாட்டாப் பண்ணிட்டேன். உங்க தம்பி ஞாபகம் எனக்கு இல்லாமப்போச்சு. தப்புதான்," என்றார் பசுபதி.

சுந்தரம்மாள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். "அன்னிக்கி எனக்கு உசுரே போச்சு, தம்பி," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நானும் ஒன்னியச் செவிடாக்கியிருக்கக் கூடாது. உக்காரு, காப்பி குடிச்சிட்டுப் போ."

அன்று திறந்த வாய்தான். பசுபதிக்குள் அவ்வளவு பேச்சு அடைந்துகிடந்தது என்று அவர் பெண்டாட்டிக்கே தெரியாது. மன்னார்குடி மாமனார், ஆபீஸ் மேஸ்திரி, பெண்ணுக்கு முளைத்த பல், எல்லாம் காலையில் குழாயடியில் வந்து விழும். சுந்தரம்மாள் நிறைகுடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "ஆமா தம்பி, ஆமா தம்பி," என்று நகரப் பார்ப்பாள். அவர் கூடவே நடந்துவந்து மீதியைச் சொல்வார். உலையில் வைத்த சோறு குழைந்துபோகும். முத்துக்கருப்பன் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கூழைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போவான்.