மாமாவின் வீட்டு வண்டியும் வெடித்த பின்பக்க டயரும்

மாமா ஏலத்தில் எடுத்த பழைய வேனுக்குள் ஒரு கட்டிலைப் போட்டார், மண்ணெண்ணெய் அடுப்பை வைத்தார், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை மாட்டினார். ‘வீட்டு வண்டி’ என்று அவரே பெயரும் வைத்தார். எட்டு மாதம் வெயிலில் நின்ற அந்த வண்டியில்தான், எனக்குப் பத்து வயதான அந்தத் தை மாதம், கோடியக்கரைக்குப் பறவை பார்க்கக் கிளம்பினோம்.

தஞ்சாவூர்ச் சீமை முழுக்கக் கூலித் தகராறு நடந்த வருஷம் அது. கதிர் முற்றிய வயல்களின் வரப்பில் செங்கொடி பறந்தது. அப்பா வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலு நாள் வெளிக்காற்று பட்டால் தெளிவார் என்று அம்மாதான் அவரையும் வண்டியில் ஏற்றினாள்.

மாமாவின் மனைவியான அத்தை லாரி டிரைவர் மகள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு டயராகக் குனிந்து பார்த்தாள். பின் டயரின் பக்கவாட்டில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

“ரோட்டுல படுற பட்டன் தேயாமப் புதுசா இருக்கே” என்றார் மாமா.

“பட்டன் புதுசுதான். ஓடாம வெயில்ல கிடந்து ரப்பர் செத்துப்போச்சு. இவ்வளவு சுமை தாங்காதுங்க.”

வேதாரண்யத்தில் மாற்றிவிடுவதாக மாமா சத்தியம் செய்தார். அப்படியானால் ஆட்டுக்கல்லும் அரிசி மூட்டையும் இறங்க வேண்டும், டயர் சூடேறும் முன்பே காற்று பிடிக்க வேண்டும், மெதுவாகப் போக வேண்டும் என்றாள் அத்தை. மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அத்தை உள்ளே போனதும் அரிசி மூட்டையை மறுபடி ஏற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

திருத்துறைப்பூண்டி தாண்டி, வாய்க்கால் ஓரத்தில் அந்த டயர் வெடித்தது. வண்டி வாலை ஆட்டியது.

“பிரேக்கைத் தொடாதீங்க! ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிங்க!” என்று அத்தை கத்தினாள்.

மெதுவாக வந்ததால் பிழைத்தோம். வண்டி தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து, கரை மண்ணில் புதைந்து நின்றது. அம்மா என்னை அணைத்த அணைப்பில் எனக்கு மூச்சு முட்டியது.

பக்கத்து வயலில் அறுக்காமல் உட்கார்ந்திருந்த ஆட்கள் ஓடி வந்தார்கள். “புள்ளைய மொதல்ல குடுங்க!” என்று ஒரு அக்கா ஜன்னல் வழியே என்னை வாங்கிக்கொண்டார். சாமான்களை இறக்கி, எல்லோருமாக வண்டியை ரோட்டில் ஏற்றினார்கள். அத்தை பலகை வைத்து ஜாக்கி போட்டு, தேய்ந்துபோன ஸ்டெப்னியை மாட்டினாள்.

இறக்கிய சாமானில் அரிசி மூட்டையைக் கண்டதும் அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா வானத்தில் பறவை தேடினார்.

“இது இனிமே வண்டில ஏறாது. நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க” என்று மூட்டையை அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டாள் அத்தை. அம்மா புளிசாதத்தைப் பிரித்தாள். ரோட்டோரத்தில் எல்லோரும் கலந்து உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம்.

“ஏன்க்கா நீங்க அறுக்கலை?” என்று கேட்டேன்.

“கூலில அரைப்படி நெல்லு கூடக் கேட்டிருக்கோம், கண்ணு. குடுத்தா எறங்கிடுவோம்.”

எனக்கு ஒரே சந்தோஷம், உறவுக்காரர்களைக் கண்டுபிடித்த மாதிரி. “எங்க வயல்லயும் அப்படியே நிக்குதுக்கா! எங்க அப்பாவும் குடுக்க மாட்டேங்கறாங்க!”

ஒரு கணம் யாரும் மெல்லவில்லை. பிறகு அந்த அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா எழுந்து போய், அத்தை முடுக்கி முடித்த நட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி முடுக்கத் தொடங்கினார். நாங்கள் பத்திரமாகப் போவதில் அப்பாவுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.