மூன்று தடவை கூப்பிட்டார்கள்

செஞ்சிக்கு இங்கிலீஷில் எழுத்துக்கூட்டியவன் எவன் என்று தெரிந்தால், அவன் கல்லறையைத் தேடிப் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். ஜி, ஐ, என், ஜி, இ, இ. இதில் எங்கே ஐயா இருக்கிறது செஞ்சி? பஸ் ஸ்டாண்டு பலகையிலும் தபால் முத்திரையிலும் தினம் பார்த்த எழுத்துதான். ஒருநாளாவது வாய்விட்டுப் படித்திருப்போமா? சொந்த ஊர்ப் பெயரை எவன் எழுத்துக்கூட்டிப் படிப்பான்!

அறுபதுகளில் நாங்கள் மூன்று பேர் சிங்கப்பூர் போனோம். ஒருவன் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் மகன். அவனுடைய மாமா சிங்கப்பூரில் மளிகைக்கடை நடத்திக்கொண்டிருந்தார். அவர் அழைத்துத்தான் பயணமே. இன்னொருவன் அரிசி மில்லுக்காரர் மகன். மூன்றாமவன் நான், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். எனக்கு இங்கிலீஷ் கையெழுத்து முத்து முத்தாக வரும். அந்தக் கர்வத்தில் மண் விழ!

மில்லுக்காரன் மவுத்ஆர்கன் வாசிப்பான். அவன் நைனாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "பீப்பீ ஊதறவனுக்கா மில்ல எழுதி வெக்கப் போறேன்?" என்று கத்துவார். அதனால் மிஷின் ஓடும்போது, அந்த இரைச்சலுக்குள் நின்றுதான் பழகினான். பக்கத்தில் போய்க் காதை வைத்தால்தான் கேட்கும். அப்படிக் காதை வைத்தவன் நான் ஒருவன்தான். என்னமாய் வாசித்தான் தெரியுமா, பாவி!

"ஒரே ஒரு தடவ மேட ஏறி வாசிச்சுட்டாப் போதுண்டா," என்றான் கப்பலில். "அப்புறம் நைனா சொல்றாப்ல மில்லுலயே கெடந்துடறேன். மூணு மாசந்தான் டைம் குடுத்துருக்காரு."

சிங்கப்பூரில் பொழுது சாய்ந்தால் கேளிக்கைப் பூங்காதான். ஊர் முழுக்க இருக்கிற கரண்டை அங்கே கொண்டுபோய்க் கொட்டியது போல வெளிச்சம். ராட்டினம், மேடை நடனம், வறுத்த மீன் வாசனை. நெற்றியில் முடியை வழியவிட்டுக்கொண்டு நாலு பையன்கள் கிட்டார் வாசிப்பார்கள். பெண்பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி நின்று கூச்சல் போடும். செஞ்சியில் தைத்த என் பேண்ட்டைப் பார்த்துவிட்டு ஜவுளிக்காரன், "டேய், ஒரு கால்லயே நாம மூணு பேரும் பூந்துக்கலாம்டா," என்று மானத்தை வாங்கினான். மில்லுக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண் அந்த மேடையைவிட்டு நகரவே இல்லை.

ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது அங்கே ஒரு போட்டி வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் பாடலாம், வாசிக்கலாம். பின்னால் அந்தக் கிட்டார் பையன்களே வாசிப்பார்கள். பெயர் எழுதித் தரத் தாளை மில்லுக்காரன் என்னிடம்தான் நீட்டினான். நான் முதலில் கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயரை எழுதி, அதற்குப் பின்னால் அவன் பெயரை எழுதினேன்.

"என் பேரு மட்டும் போதாதாடா?"

"நோட்டீஸ்ல பாத்ததில்லியா? மேட ஏர்றவனுக்கு ஊர் பேரு முன்னாடி நிக்கணும்டா. அதான் கெத்து."

கெத்தாம் கெத்து! இன்று நினைத்தாலும் என் கையை நானே ஒடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

போட்டியன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மில்லுக்காரன் மவுத்ஆர்கனைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தான். பளபள கோட்டுப் போட்ட அறிவிப்பாளன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். ஏழெட்டுப் பேர் ஆனபிறகு, "மிஸ்டர் ஜின்ஜீ!" என்றான். யாரும் எழவில்லை. மறுபடியும், "மிஸ்டர் ஜின்ஜீ!" நாங்களும் திரும்பித் திரும்பிப் பார்த்தோம்.

"எவனோ சீனாக்காரன்டா. தொட நடுங்கி ஓடிட்டான்," என்றேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது நான் கைதட்டி வேறு சிரித்தேன். மில்லுக்காரனும் சிரித்தான். "நல்லதாப் போச்சு, ஒரு ஆளு கொறஞ்சான்," என்றான்.

போட்டி முடிந்து நாற்காலிகளை மடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவனைக் கூப்பிடவே இல்லை. "இன்னாடா இது, போய்க் கேளுடா!" என்று என்னைத் தள்ளினான். எனக்கு வந்த கோபத்தில் விறுவிறுவென்று போய் மேஜையில் தட்டிக் கேட்டேன். அங்கிருந்த பெண் பட்டியலை என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரல் வைத்தாள். முதலில் ஊர், அப்புறம் அவன் பெயர். அவன் பெயர் நீளம். வாயில் நுழையாமல் அறிவிப்பாளன் முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டிருக்கிறான். "ஜின்ஜீ," என்றாள் அவள். "மூன்று தடவை கூப்பிட்டோமே."

திரும்பி வந்து அவன் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பான், ரெண்டு அறை விட்டிருப்பான், அதோடு போயிருக்கும். ஆனால் நான் சொன்னது இது: "சிபாரிசு இல்லாம மேட ஏத்த மாட்டாங்களாம்டா."

அது எங்கே போய் விழும் என்று யோசிக்கக்கூட இல்லை, மடையன். ஜவுளிக்காரனுடைய மாமா கடையிலிருந்துதான் அந்தப் பூங்காவுக்குச் சரக்கு போகும். மில்லுக்காரன் அவன் பக்கம் திரும்பினான். "உங்க மாமா ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடா? ஏன் சொல்லல?"

"எனக்கு இன்னாடா தெரியும்? சத்தியமா அவருக்கும் தெரியாதுடா," என்று அவன் துடித்தான். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

திரும்பும் கப்பலில் இருவரும் பேசவில்லை. செஞ்சிக்கு வந்த பிறகும் பேசவில்லை. சொன்னபடி மில்லுக்காரன் மில்லுக்குள் போனான். மவுத்ஆர்கனை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. ஜவுளிக்கடையைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ரம்ஜானுக்கு அந்த வீட்டிலிருந்து வந்த பிரியாணியை அப்படியே திருப்பி அனுப்பினான். "கூட இருந்தே கழுத்தறுத்துட்டான் பாத்தியா," என்பான் என்னிடம். நான் "ஆமாண்டா" என்பேன். இரண்டு வருஷம் அந்த ஆமாவைச் சொன்னேன். தூ!

ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவனும் நானும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். திண்டிவனம் பஸ்ஸிலிருந்து கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன் இறங்கினான். கோட்டை பார்க்க வந்தவன். ஊர்ப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு எங்களிடம் வந்து, "ஜின்ஜீ?" என்றான். எங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்தானோ என்னவோ, இன்னும் சத்தமாக, "ஜின்ஜீ? ஜின்ஜீ?" என்றான்.

மில்லுக்காரன் கையிலிருந்த கிளாஸ் அப்படியே நின்றது. பலகையைப் பார்த்தான். உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"டேய்... அந்த சீனாக்காரன் நானாடா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒனக்கு அன்னிக்கே தெரியுமா?"

அதற்கும் நான் தலையை நிமிர்த்தவில்லை. அறைவான் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன். அறையவில்லை. கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, நேராக ஜவுளிக்கடைக்குள் போனான். உள்ளே, "டேய்!" என்று ஜவுளிக்காரன் போட்ட சத்தம் இங்குவரை கேட்டது. இருவரில் ஒருவனும் வெளியே எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிடவில்லை.

வெள்ளைக்காரன் இன்னும் என் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான். "ஜின்ஜீ?" என்றான் மறுபடியும்.

"ஆமாய்யா, ஜின்ஜீதான்!" என்று கத்தினேன்.