நட்சத்திரமாகிப்போன திங்கட்கிழமை

எழுபதுகளின் கடைசியில், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். ஏ.சி. அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயில் மாதிரி என்பார் மேனேஜர். அந்தக் கோயிலின் மூலவரையே ஒரு சனிக்கிழமை காலை நான் அழித்துவிட்டேன்.

ஸ்டோர்ஸில் எந்த உதிரிபாகம் எங்கே, எத்தனை இருக்கிறது என்ற பட்டியல் முழுவதும் ஒரே டேப்பில் இருந்தது. வெற்று டேப் என்று நினைத்து அதை மாட்டி, மேலே வேறெதையோ பதிந்துவிட்டேன். இரண்டு நாளில் ஆலையை நிறுத்திப் பராமரிப்பு வேலை. பழைய பதிவேடுகளையோ, கம்ப்யூட்டர் வந்த பெருமையில் எடைக்குப் போட்டாயிற்று.

மேனேஜர் கத்தவில்லை. தண்ணீர் கேட்டார். பிறகு பீரோவைத் திறந்தார். போன சனிக்கிழமை எடுத்த நகல் டேப் இருந்தது. அதற்குப் பின் ஐந்து நாளாக வந்த பொருள், போன பொருள் ஒவ்வொன்றுக்கும், விவரத்தைத் துளைகளாகக் குத்திய ஓர் அட்டை, பஞ்ச் கார்டு உண்டு. அவற்றை நாள் வரிசை பிசகாமல் நகலின் மேல் மறுபடி ஓட்டினால் போதும், பட்டியல் திரும்பிவிடும். ஆனால், ஓட்டி முடித்த கார்டுகளை அன்றன்றே எரிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டிருந்தவரும் அவர்தான்.

எரிக்கிற பொறுப்பு பஞ்ச் பிரிவில் இருந்த மணப்பாட்டு அக்காவுக்கு. அவரிடம் ஓடினேன்.

"அக்கா, கார்டெல்லாம் எரிச்சாச்சா?"

கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "யாருகிட்டயும் சொல்லிராத தம்பி. நல்ல அட்டைய எரிக்க மனசு வருமா? நாள்வாரியா கட்டி வச்சிருக்கேன். எங்க கோயில் பிள்ளைங்க கிறிஸ்மஸ் நட்சத்திரம் வெட்டுததுக்கு."

நான்கு கட்டுகள் அவர் அலமாரியில் இருந்தன. திங்கட்கிழமைக் கட்டு மட்டும் அவருடைய தம்பி கையோடு ஊருக்குப் போயிருந்தது.

இருவரும் பஸ் பிடித்து மணப்பாட்டுக்குப் போனோம். பாதிக் கார்டுகள் ஏற்கெனவே நட்சத்திரமாகி, ஜிகினாவும் ஒட்டியாயிற்று. ஒரு சிறுமி தன்னுடையதைத் தரவே மாட்டேன் என்றாள். ஒரு பெட்டி புது அட்டை தருவதாகச் சத்தியம் செய்த பிறகுதான் கையை விரித்தாள். நறுக்கிய துண்டுகளையும் தரையிலிருந்து பொறுக்கினோம்.

ஒவ்வொரு கார்டின் மேல் விளிம்பிலும் விவரம் எழுத்தாகவும் அச்சாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வந்தார். நான் துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து வாசிக்க, அவர் புதிதாகப் பஞ்ச் செய்தார். பிறகு திங்கள் முதல் வெள்ளி வரை வரிசையாக ஓட்டினேன். அச்சாகி வந்த பட்டியலோடு ஸ்டோர்ஸ் அண்ணாச்சி ஒவ்வொரு அலமாரியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எல்லாம் சரியா இருக்குலே" என்றார். நான் அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

விடுமுறை நாளிலும் உழைத்ததற்காக எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. கார்டுகள் கிடைத்த கதையை மேனேஜர் கேட்டபோது நான்தான் சொல்ல வேண்டியிருந்தது; அலுவலகப் பொருளை வெளியே கொண்டுபோனதற்காக அக்காவுக்கு விளக்கம் கேட்டு மெமோ. வெட்கம் தாங்காமல் மேனேஜரிடம் போனேன்.

"சார், தப்பு என்னோடது. அக்கா எரிச்சிருந்தா நாம என்ன செஞ்சிருப்போம்?"

"வாஸ்தவம்தான். ஆனா சுற்றறிக்கைன்னு ஒண்ணு இருக்கே" என்றார்.

அக்கா ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார்: "இனிமேல் தவறாமல் எரித்துவிடுகிறேன்."

அதைப் படித்ததும் மேனேஜருக்கு முகம் வெளுத்தது. அன்று மாலையே சுற்றறிக்கை ரத்தாயிற்று. மெமோ ரத்தாகவில்லை.